பீரங்கிக்கு ஊர் எது?

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், செங்கல்பட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி பீரங்கியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறாளே என்று முன் வரிசையில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு 'கடற்கரை மண்ணும் கவிதையும்' என்பதாகும். அதனை மாற்றிக்கொள்ள இசைவு தந்தமைக்கு நன்றி. மாற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒரு பிழை. அது நம் வட்டத்தின் மலரிலேயே அச்சேறிய பிழை. எழுதியவள் நான். அதை முறையாகச் சொல்லித் திருத்துவதற்கு இந்த அவையைவிடப் பொருத்தமான இடம் எனக்கு வாய்க்காது.

சென்ற ஆண்டு நம் வட்டத்தார் மாமல்லபுரத்தில் கூடிக் கவியரங்கம் நடத்தியபின், தெற்கே அரைமணி நேரப் பயணமாகச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குச் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். வாயிலின் இரு புறமும் இரண்டு பீரங்கிகள் கடற்காற்றில் நின்றுகொண்டிருந்தன. நம் இளங்கவிஞர் ஒருவர் அவ்விடத்திலேயே ஒரு கவிதை படித்தார். நல்ல கவிதை, இன்றும் அதை நான் பாராட்டுவேன். அதில் அப்பீரங்கிகளை 'டச்சு இரும்பு' என்று அழைத்திருந்தார். கேட்டு முடித்ததும், என்னுடன் வந்திருந்த இளங்கலை மாணவி ஒருத்தி என்னருகில் வந்து மெல்லிய குரலில், "மேடம், இது டச்சுப் பீரங்கின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கோட்டை டச்சுக்காரர் கட்டியதுதானே அம்மா" என்றேன்.

"எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஜப்பான் மேடம். வீடு ஜப்பான்காரர் வீடு இல்லையே" என்றாள்.

சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இவ்வாறான வினாக்கள் முள்ளைப் போன்றவை.

அவள் கேட்டதன் நியாயத்தை முதலில் பார்ப்போம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் வணிகத்துக்காகக் கால் ஊன்றினர்; இப்பகுதியின் நெசவுத் துணிதான் அவர்களை ஈர்த்தது. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு, 1782 பிப்ரவரியில், இந்தக் கரைக்கு அப்பால் கடலிலேயே ஆங்கிலேயக் கடற்படைக்கும் பிரெஞ்சுக் கடற்படைக்கும் போர் மூண்டது. 1818இல் டச்சுக்காரரிடம் ஊர் திரும்பிற்று. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் மீண்டும், இறுதியாக, ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை கை மாறிய கோட்டையின் வாயிலில் நிற்கும் ஒரு பீரங்கியை, கோட்டையின் பெயரை வைத்தே டச்சுப் பீரங்கி என்று எப்படிச் சொல்வது? அது டச்சுக்காரருடையதாக இருக்கலாம். ஆங்கிலேயர் கொண்டுவந்ததாக இருக்கலாம். இடத்தைக் கொண்டு பொருளை அடையாளம் காண்பது, சுவடி கிடைத்த வீட்டை வைத்து நூலாசிரியரின் குலத்தைச் சொல்வது போன்றது.

நல்லவேளையாகப் பீரங்கிகள் ஊமைகள் அல்ல. அவற்றுக்கும் கல்வெட்டு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கியாயின் குழலின் மேல் வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளைப் பின்னிய முத்திரை இருக்கும். (நம் கப்பலோட்டிய வ.உ.சி. நினைவுக்கு வருகிறார் அல்லவா? தற்செயல்தான், ஆனால் இனிய தற்செயல்.) அம்முத்திரையின் மேல் ஒற்றை எழுத்து இருந்தால் அது கம்பெனியின் எந்த நகரக் கிளைக்கு உரியது என்பதைச் சொல்லும், ஏ என்றால் ஆம்ஸ்டர்டாம். ஆங்கிலேய அரசின் பீரங்கியாயின் மன்னரின் பெயரெழுத்துகளும், அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். ஆங்கிலேயக் கம்பெனியின் உடைமையாயின் இதய வடிவுக்குள் எழுத்துகள் அமைந்த வணிகக் குறி இருக்கும்.

எடையும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் எடையை மூன்று எண்களாக எழுதுவர். 22 - 1 - 14 என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர். நடு எண் 28 பவுண்டு கொண்ட கால் அந்தர். கடைசி எண் தனிப் பவுண்டு. ஆக மொத்தம் 2506 பவுண்டு. டச்சுப் பீரங்கியிலோ ஆம்ஸ்டர்டாம் பவுண்டில் ஒரே எண்ணாக எடை நிற்கும். எழுத்து தேய்ந்து எண் மட்டும் எஞ்சியிருந்தாலும், அந்த எண் எழுதப்பட்ட முறையே நாட்டைக் காட்டிவிடும். ஓலைச்சுவடியில் எண் குறித்த முறையைக் கொண்டு காலத்தை ஊகிக்கும் நமக்கு இது அந்நியமான கலையன்று.

இங்கு இன்னொரு சிக்கல் உண்டு. பீரங்கியைத் தாங்கும் இரு பக்க முளைகளின் முகத்தில் வார்ப்பாலையின் குறி இருக்கும். டச்சுக் கம்பெனியின் முத்திரை பெற்ற இரும்புப் பீரங்கி ஒன்றின் முளையில் எஃப் என்னும் எழுத்து இருந்தால், அது சுவீடன் நாட்டின் பின்ஸ்போங் ஆலையில் வார்க்கப்பட்டது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் லூயி டி கீர் என்னும் பெருவணிகர் அங்கிருந்து டச்சுக்காரருக்குப் பீரங்கிகளை ஏற்றுமதி செய்தார். அப்படியாயின் நம் கரைக்கு வந்த பீரங்கி ஒன்று உடைமையால் டச்சு, பிறப்பால் சுவீடன், கைப்பற்றியவரால் ஆங்கிலேயம், நிற்கும் இடத்தால் தமிழ் ஆகும். இவற்றுள் எதை நாம் அதன் ஊர் என்போம்?

நம் மொழியே இதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பிரான்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, நம்மிடம் பறங்கி ஆயிற்று. பீரங்கி என்னும் சொல்லையும் அவ்வேரினதாகவே அறிஞர் கொள்வர். பாபர் தம் நினைவுக் குறிப்பில் 1526ஆம் ஆண்டுப் பானிப்பட்டுப் போரைச் சொல்லும்போது ஒருவகைப் பீரங்கியை ஃபிரங்கி என்றே குறிக்கிறார். ஆக, பொருளுக்குப் பொருளின் பெயரை வைக்காமல், கொண்டுவந்தவனின் பெயரை வைத்துவிட்டோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் எங்கே அமைந்தது தெரியுமா? பறங்கிமலையில். ஒரே வேரின் இரு கிளைகள் ஒரே குன்றில் சந்தித்துக்கொண்டன. சொல்லாராய்ச்சியில் இத்தகைய மகிழ்ச்சிகள் அரிதாகவே கிடைக்கும் என்பதால் சற்றே நின்றுவிட்டேன், பொறுத்தருள்க.

ஆயுதத்தைப் பார்த்து உண்மையை அறியும் கலை இம்மண்ணுக்குப் புதிதும் அன்று. நாம் அமர்ந்திருப்பது தொண்டை நாடு. அதியமானின் தூதாகக் காஞ்சிக்கு வந்த ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிய செய்தி புறநானூற்றின் 95ஆம் பாடலில் உள்ளது. பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் வைக்கப்பட்ட கருவிகளைக் கண்ட ஔவையார், அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். அதைப் புகழ்வது போலப் பழித்தல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்து மதிப்பெண் போட்டுவிடுகிறோம். எனக்கோ இப்போது அது வேறுவிதமாகவும் தோன்றுகிறது. ஔவையார் ஆயுதத்தின் தேய்மானத்தைப் படித்தார். எது போர் கண்டது, எது காணாதது என்று இனங்கண்டார்.

கைமாறுதலுக்கு இவ்வூரே சான்று. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை ஐதர் அலியின் படை முறியடித்தது. காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ, இழுத்துச் செல்ல இயலாத தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு நம் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். பெய்லியின் பீரங்கிகளோ ஐதரின் கைக்குப் போயின. ஒரு நாள் காலையில் ஆங்கிலேயருடையதாக இருந்த பீரங்கி மாலையில் மைசூருடையதாயிற்று. குழலின் மேல் இருந்த எழுத்து மட்டும் மாறவில்லை.

மாணவியின் வினா என்னை என் தாய்வீட்டுக் கூடத்துச் சுவரை நோக்கி அழைத்துச் சென்றது என்று சொன்னால், இனி வருவது விளங்கும்.

அச்சுவரில் ஒரு நிழற்படம் தொங்குகிறது. என் தாய்வழிப் பாட்டனார், இருபத்து மூன்று வயது இளைஞராக, காக்கி உடையில், சிறியதொரு பீரங்கியின் சக்கரத்தின் மேல் கை ஊன்றி நிற்கிறார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் லாரி ஓட்டியவர் அவர். படத்தின் பின்புறத்தில் அவர் கையெழுத்தில் ஒரே வரி: '94 மலைப் பீரங்கி, மெய்க்தீலா, 1945.' நான் சிறுமியாக இருந்தபோதே அவர் மறைந்துவிட்டார். 'தாத்தா சுட்ட பீரங்கி' என்பதே குடும்ப வழக்கு. திருமண வீடுகளில் என் மாமா அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டு மலரில் 'என் பாட்டனாரின் போர்' என்றொரு கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினீர்கள். அதில் அந்தப் பீரங்கியை இனங்கண்டு எழுதியிருந்தேன். சற்றுப் பெருமையோடுதான் எழுதியிருந்தேன். 94 என்பது மில்லிமீட்டரில் குழல் வாயின் அளவு என்று கொண்டேன். 94ஐ 25.4ஆல் வகுத்தேன், 3.7 வந்தது. ஆங்கிலேய இந்தியப் படையின் மலைப் பீரங்கி 3.7 அங்குலம் என்று நூல்கள் கூறின. 1917இல் படைக்கு வந்து, இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் வடமேற்கு எல்லையில் எட்டுக் கோவேறு கழுதைகளின் முதுகில் பிரித்து ஏற்றிச் செல்லப்பட்டது அது. பின்புறம் இரு கால்களாகப் பிரியும் தண்டு அதன் அடையாளம். படத்திலும் இரு கால்கள் தெரிந்தன. கணக்கு ஒத்தது, வடிவம் ஒத்தது, படை ஒத்தது. ஆகவே என் பாட்டனார் இயக்கிய ஆங்கிலேயப் பீரங்கி என்று முடித்தேன்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து திரும்பிய மறுவாரம் அப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3.7 அங்குலப் பீரங்கியின் குழல் குட்டையாய்த் தடித்திருக்கும். படத்தில் இருந்ததோ மெலிந்து நீண்டிருந்தது. குழலின் மேற்புறத்தில் மேலிருந்து கீழாகச் சில கீறல்கள். கறை என்று இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தேன்; அவை எழுத்துகள். ஜப்பானிய மொழி அறிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாளே விடை வந்தது: 'தொண்ணூற்று நான்காம் வகை மலைப் பீரங்கி.'

94 என்பது குழல் வாயின் அளவு அன்று. ஆண்டு!

இதைச் சற்று விளக்க வேண்டும். ஜப்பானியர் தம் முதற்பேரரசர் அரியணை ஏறியதாக மரபு கூறும் ஆண்டிலிருந்து ஒரு தொடராண்டு கணக்கிட்டனர். அதில் 660ஐக் கழித்தால் கிறித்து ஆண்டு வரும். நாம் சக ஆண்டுடன் 78 கூட்டுவது போல, திருவள்ளுவர் ஆண்டில் 31 கழிப்பது போல. அவர்களின் 2594ஆம் ஆண்டு நம் 1934. அந்த ஆண்டில் ஏற்கப்பட்ட கருவிக்குக் கடைசி இரண்டு எண்களைப் பெயராக இட்டனர். அதற்கு முந்திய மலைப் பீரங்கிக்கு 41ஆம் வகை என்று பெயர். அதை இந்தத் தொடராண்டில் வைத்துப் பார்த்தால் தவறிவிடுவோம். அது மெய்ஜி பேரரசரின் 41ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1908. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25ஆம், 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய நமக்கு, ஆட்சியாண்டுக்கும் தொடராண்டுக்கும் உள்ள வேறுபாடு புதிதா? கல்லில் பார்க்கத் தெரிந்ததை நான் இரும்பில் பார்க்கத் தவறினேன்.

என் கணக்கின் ஓட்டை வேறோர் இடத்திலும் இருந்தது. ஆங்கிலேயப் படையில் எவரும் அந்தப் பீரங்கியை மில்லிமீட்டரில் சொல்லமாட்டார். 'மூன்று புள்ளி ஏழு' என்பதே வழக்கு. என் பாட்டனார் கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறார். பேத்திதான் முனைவர் பட்டம் பெற்றவளாயிற்றே, வகுத்துப் பார்த்தாள். ஏட்டில் உள்ள பாடம் விளங்காதபோது நமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரை நான் வகுப்பில் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்!

உண்மையில் அந்த 94ஆம் வகைப் பீரங்கியின் வாய் 75 மில்லிமீட்டர். எடை 536 கிலோ. பதினொரு பகுதிகளாகப் பிரித்து ஆறு குதிரைகளிலோ பதினெட்டு ஆட்களின் தோளிலோ கொண்டுபோகலாம். அந்தப் பதினெட்டுப் பேர் பர்மாவின் மழையில் எப்படி நடந்திருப்பர் என்பதை நம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். மலைப் பீரங்கி என்பதே பிரிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆதலின் அடையாளம் காண்பதும் கடினம். ஒரு பீரங்கியின் குழல், மற்றொன்றின் தாங்கி, வேறொன்றின் சக்கரம் எனப் போர்க்களத்தில் கலந்துவிடும். ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். கயிறு அறுந்து ஏடுகள் கலந்துபோன சுவடிக்கட்டைப் பிரித்தவர்களுக்கு இந்தத் துன்பம் விளங்கும்.

இரு போர்களுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் மலைப் பீரங்கி பெரியதோர் ஏற்றுமதிப் பண்டமாகவும் இருந்தது. போபர்ஸ் என்றால் நமக்கு 1986இல் கையெழுத்தான ஒப்பந்தமும் மறு ஆண்டில் எழுந்த புயலும்தான் நினைவுக்கு வரும். அதே சுவீடன் நிறுவனம் 1930களில் 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கியை விற்றது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி ஆயுதம் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை தடுத்தது. அங்குள்ள குரூப் நிறுவனம் போபர்ஸில் பங்கு வாங்கித் தன் பொறியாளர்களைச் சுவீடனுக்கு அனுப்பி அறிவைக் காத்துக்கொண்டது. அவ்வாறு பிறந்த பீரங்கியை டச்சுக்காரர் தம் கிழக்கிந்தியத் தீவுகளின் படைக்கு வாங்கினர். பெல்ஜியம் வாங்கித் தன் பெயரில் '1934ஆம் ஆண்டு மாதிரி' என்றது. 1940இல் பெல்ஜியத்தை வென்ற ஜெர்மானியர் அதே பீரங்கிக்குத் தம் பட்டியலில் 228 என்று எண்ணிட்டனர். ஜெர்மானிய அறிவு சுவீடன் வழியாகப் பெல்ஜியம் சென்று மீண்டும் ஜெர்மனியிடமே அயல்நாட்டுப் பீரங்கி என்ற முத்திரையோடு வந்து சேர்ந்தது. செக் நாட்டின் ஸ்கோடா ஆலையின் மலைப் பீரங்கிக்கும் இதே கதை. ஆஸ்திரியப் படைக்காகச் செய்யப்பட்டது முதல் உலகப் போருக்குப்பின் இத்தாலியில் வேறு பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் பீரங்கி டச்சு முத்திரையோடு நம் கீழ்த்திசைக்குக் கப்பலேறிற்று என்றேன். 20ஆம் நூற்றாண்டிலும் டச்சுக்காரர் சுவீடனிடமே வாங்கிக் கீழ்த்திசைக்கு அனுப்பினர். முந்நூறு ஆண்டுகளில் வழி மாறவில்லை.

மெய்க்தீலாவுக்குத் திரும்புவோம். 1945 மார்ச்சில் அவ்வூரைப் பிரிட்டிஷ் இந்தியப் படை கைப்பற்றியது. என் பாட்டனார் கை ஊன்றி நின்றது, கைப்பற்றப்பட்ட பகைவர் பீரங்கி. அவர் அதைச் சுடவில்லை. சுட்டிருந்தால் அவர் பக்கத்தை நோக்கியே சுட்டிருக்கும். ஜப்பானியரோடு அணிவகுத்த இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர். ஆகவே அந்தக் குழலின் இரு முனைகளிலும் தமிழ் பேசியவர்கள் நின்றிருக்கக்கூடும். என் கட்டுரையில் இதற்கெல்லாம் இடமே இருக்கவில்லை. ஆங்கிலேயப் பீரங்கி என்று எழுதியவுடன் கதவு சாத்திக்கொண்டது.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் வருந்துவார் என்று அஞ்சினேன். கேட்டுவிட்டு அம்மா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "அவரு சுட்டேன்னு என்னைக்குடி சொன்னாரு? உங்க மாமன்தான் சொல்வான். அவரு லாரி ஓட்டினதத்தான் சொல்வாரு. அந்தப் பீரங்கிய மழையில கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்களாம், சக்கரம் சேத்துல மாட்டிக்கிச்சாம். அதுக்குத்தான் கை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

நான் இதுவரை அம்மாவிடம் கேட்டதேயில்லை. நூலகத்தில் தேடினேன், வகுத்துப் பார்த்தேன், சமையலறையில் கேட்கவில்லை.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். சதுரங்கப்பட்டினம் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முறைப்படி இசைவு பெற்று, நம் வட்டத்தின் சார்பில் ஒரு நாள் விடியற்காலையில் சென்று அவ்விரு பீரங்கிகளின் மேற்புறத்தையும் பக்க முளைகளையும் சாய்ந்த வெயிலில் பார்ப்போம். தேய்ந்த எழுத்து உச்சிவெயிலில் தெரியாது. சாய்வெயிலில் நிழல் விழுந்து தெரியும். துறையினர் ஒப்பினால் கல்வெட்டுக்கு எடுப்பது போல் மைப்படியும் எடுக்கலாம். எழுத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நம் இளங்கவிஞர் தம் கவிதையில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. கட்டுரைக்கு இல்லை.

ஆகவே மூன்றாம் ஆண்டு மலரை வைத்திருப்போர், அதில் என் கட்டுரையின் இறுதிப் பத்தியில் 'என் பாட்டனார் இயக்கிய 3.7 அங்குல ஆங்கிலேய மலைப் பீரங்கி' என்று இருப்பதை, 'என் பாட்டனார் சேற்றிலிருந்து இழுத்துவர உதவிய, ஜப்பானியரின் 94ஆம் வகை மலைப் பீரங்கி' என்று திருத்திப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வினா எழுப்பிய மாணவி இவ்வரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு என் நன்றி.